எல்லைமணியின் வெள்ளோட்டம்

“இம்புட்டுப் பேரும் நமக்குச் சொந்தக்காரங்களாம்மா?”

ஹெலனின் மகள் ரெனிட்டா முதல் வகுப்பு படிக்கையில் ஒரு நாள் இப்படிக் கேட்டாள். அம்மாவின் போனை நோண்டிக்கொண்டிருந்தவள், அம்மா வேலை பார்க்கும் ஆப்பின் கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்டாள். அந்த ஆப்பைக் கட்டுவதற்குப் பயன்பட்ட லைப்ரரிகள் என்னும் ஆயத்த நிரல்களின் பெயர்களும் அவற்றை எழுதியவர்களின் பெயர்களும் அங்கே இருந்தன. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. கல்யாணப் பத்திரிகையில் கீழே போடும் பெயர்கள் என்று பிள்ளை நினைத்துவிட்டது.

“இல்லடி. முகம் தெரியாத ஆளுக.”

“அப்ப எதுக்கு நமக்கு வேலை செஞ்சு குடுத்தாங்க?”

“நேரமாச்சு, போயி பல்லை வெளக்கு” என்று ஹெலன் விரட்டிவிட்டாள். காலையில் பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய ஒருத்தி அதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டு நிற்க முடியாது.

ஹெலன் தங்கச்சிமடத்துக்காரி. கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்து, கம்ப்யூட்டர் படித்து, ராமநாதபுரத்தில் பாண்டித்துரை என்பவர் நடத்தும் சின்ன மென்பொருள் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவள். அவள் கையில் இருந்த ஆப்புக்கு எல்லைமணி என்று பெயர். படகு கடல் எல்லையை நெருங்கினால் மீனவரின் போனில் கணீரென்று மணி அடிக்கும். படகிலுள்ள ஜிபிஎஸ் பெட்டியும் இடத்தைக் காட்டத்தான் செய்யும். ஆனால் அசந்து தூங்குகிறவனை அது எழுப்பாது. எல்லைமணி எழுப்பும்.

அந்த மணியின் அருமை அவளுடைய அண்ணன் கிளாட்சனுக்கு நன்றாகத் தெரியும். எல்லைமணி வருவதற்கு முந்தி, ஒரு விடியற்காலை, வலையை விட்டுவிட்டு அசதியில் கண்ணயர்ந்தவனை நீவாடு எல்லைக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. கடலின் ஓட்டத்தை அங்கே நீவாடு என்பார்கள். அது சத்தமே இல்லாமல் இழுக்கும். அக்கரைச் சிறையில் கிடந்துவிட்டுத்தான் கிளாட்சன் வந்தான். படகு வரவேயில்லை. இரண்டாம் முறை மாட்டினால் லேசில் விடமாட்டார்கள் என்பது கரையில் எல்லாருக்கும் தெரியும்.

இப்போது அவனுடைய போன் கடலில் விழுந்து, புதுப் போன் வாங்கியிருந்தான். அதில் பழைய எல்லைமணி ஏறவே மாட்டேன் என்றது. அம்மா யாகப்பம்மாள் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்: “மணி இல்லாம நீ எல்லைப் பக்கம் போனா, நான் இந்த வீட்டுல கஞ்சி குடிக்க மாட்டேன்.” கிளாட்சனின் பைபர் வள்ளம் கரையிலேயே கிடந்தது. வலையைக் காயப்போட்டு, மடித்து, திரும்பக் காயப்போட்டு நாளைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

ஆகவே எல்லைமணியைப் புதுப் போன்களுக்காகப் புது முறையில் கட்ட வேண்டியிருந்தது. அந்தப் பொறுப்பு ஹெலனிடம் வந்தது.

மென்பொருள் என்பது ஒருவரே உட்கார்ந்து எழுதி முடிப்பதில்லை. வரைபடம் காட்ட ஒரு லைப்ரரி, நேரம் கணக்கிட ஒன்று, ஒலி எழுப்ப ஒன்று என்று யார் யாரோ எழுதி உலகத்துக்குச் சும்மா கொடுத்தவற்றைச் சேர்த்துத்தான் கட்டுவார்கள். எல்லைமணியின் பழைய ஏற்பாட்டில் அந்த லைப்ரரிகளெல்லாம் ஒரே ஃபோல்டருக்குள் கோப்புகளாகக் கிடந்தன. யார் எப்போது கொண்டுவந்து போட்டார்கள் என்பதற்குக் குறிப்பு எதுவும் இல்லை. புது முறையில் கோப்பைச் சுமக்க வேண்டாம். இந்த லைப்ரரி, இந்தப் பதிப்பு என்று பெயரும் எண்ணும் எழுதிவைத்தால் போதும், கட்டும்போது அதுவே இணையத்திலுள்ள பொதுக் கிடங்கிலிருந்து எடுத்துவந்துவிடும்.

சொல்வதற்குச் சுலபம். ஒரு வீட்டில் சம்பந்தம் செய்தால் அந்த வீட்டுச் சொந்தமெல்லாம் கூடவே வருவது போல, ஒரு லைப்ரரியை அழைத்தால் அதற்கு வேண்டிய இன்னொன்று வந்தது. அதற்கு வேண்டியதும் வந்தது. ஒன்று ஒரு பதிப்பைக் கேட்க, மற்றொன்று வேறு பதிப்பைக் கேட்டு முறைத்துக்கொண்டது. ஹெலன் பொறுமைசாலி. ஒவ்வொன்றாக ஃபோல்டரில் இருந்த பெயரையும் எண்ணையும் பார்த்து, அதையே புதுக் கோப்பில் எழுதி, சண்டை போட்டவற்றைச் சமாதானம் செய்து, தினமும் பஸ்ஸில் ஜெபமாலை சொல்லிக்கொண்டே போய் வேலையை முடித்தாள். ஆப் கட்டி முடிந்தது. வைத்திருந்த சோதனைகள் எல்லாம் பச்சை காட்டின.

பாண்டித்துரைக்குத் தலைகால் புரியவில்லை. “ஏம்மா ஹெலன், இன்னைக்கே வெளியிட்டுருவமா? உங்க அண்ணன் கூட ரெண்டு தடவை போன் போட்டுட்டார்.”

“வெள்ளோட்டம் பாக்காமயா சார்?”

“அதான் சோதனை எல்லாம் பாஸாயிருச்சுல்ல?”

“அது ஆபீஸ்ல சார். மணி அடிக்க வேண்டியது கடல்ல.”

பாண்டித்துரை கடலாடிப் பக்கத்து விவசாயக் குடும்பம். கடலாடியில் கடல் கிடையாது. அவர் வாழ்நாளில் படகில் கால் வைத்ததில்லை. ஆனாலும், “அப்ப நானும் வாரேன். என் கம்பெனி ஆப்பு, நான் பாக்க வேண்டாமா?” என்று கிளம்பிவிட்டார்.

ஹெலன் ஆப்பின் வரைபடத்தில் ஒரு பொய்க் கோட்டைப் போட்டு, படகின் ஜிபிஎஸ் பெட்டியிலும் அதையே குறித்தாள். நிஜ எல்லைக்கு வெகு தூரம் இந்தப் பக்கம், ஊருக்கு வடக்கே உள்ள கடலில் போன் சிக்னல் அறுந்துபோகிற இடத்துக்குச் சற்று அப்பால். எல்லைப் பக்கம் போகப்போவதில்லை என்று சத்தியம் செய்துகொடுத்த பிறகுதான் யாகப்பம்மாள் மகனையும் மகளையும் விட்டாள்.

காலை வெயில் ஏறுகிற நேரத்தில் வள்ளம் புறப்பட்டது. கரையை விட்டதுமே பாண்டித்துரை இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டார்.

“மொதலாளி, பலகையை இம்புட்டு இறுக்கிப் பிடிக்காதீக, அது எங்கயும் போகாது” என்றான் கிளாட்சன்.

“நான் எங்க ஊருக் கண்மாய்ல கூட எறங்குனது இல்லப்பா.”

“கண்மாயும் இதும் ஒண்ணுதான். இதுல கொஞ்சம் உப்பு சாஸ்தி.”

சிக்னல் ஒவ்வொரு கோடாகக் குறைந்து, போனில் ஒன்றுமில்லாமல் ஆனது. எஞ்சின் வேகத்தில் வள்ளம் பொய்க் கோட்டை நெருங்கியது. கணீரென்று மணி அடித்தது. எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. கிளாட்சன் கையைத் தட்டினான். பாண்டித்துரை முகம் வெளிறியிருந்தாலும் சிரித்தார். “அப்புறம் என்னம்மா, வீட்டுக்குப் போவோமா?”

ஹெலன் தலையாட்டவில்லை. அவர்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. புது வள்ளம் இறக்கினால், பங்குச்சாமியார் தீர்த்தம் தெளித்து, மாலை போட்டு, ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தால் மட்டும் வெள்ளோட்டம் முடிந்ததாகாது. நடுக்கடலில் ஒரு தடவையாவது வலையை விட்டுக் கிடந்து, தூக்கிவிட்டு வர வேண்டும். அந்த மீனை விற்கமாட்டார்கள். கரையில் முதலில் கை நீட்டுகிறவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஓடும்போது ஒழுகாத வள்ளம் கிடக்கும்போது ஒழுகக்கூடும் என்பது பெரியவர்கள் கண்ட விஷயமாக இருக்கலாம். ஹெலன் காரணம் எதையும் யோசிக்கவில்லை. சின்ன வயதிலிருந்து பார்த்தது மனதில் அப்படியே எழுந்து நின்றது.

“அண்ணே, கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து எஞ்சினை நிப்பாட்டுங்க. வலையை விடுங்க.”

“ஏ புள்ள, வெள்ளோட்டம் பாக்க வந்தியா, குழம்புக்கு மீன் பிடிக்க வந்தியா?”

“வலை விடாத வெள்ளோட்டம் உண்டா? அம்மாட்ட கேட்டுப் பாருங்க.”

அம்மா பெயரைச் சொன்னதும் கிளாட்சன் வாயை மூடிக்கொண்டு எஞ்சினை நிறுத்தினான். வலை இறங்கியது. எஞ்சின் ஓடும்போதாவது பரவாயில்லை, கிடக்கிற படகின் ஆட்டம் பாண்டித்துரையின் வயிற்றைக் கலக்கிவிட்டது. ஓரத்தில் கவிழ்ந்து வாந்தியெடுத்தார்.

“சார், திரும்பிருவோம். இன்னொரு நாளைக்கு நான் மட்டும் வாரேன்” என்றாள் ஹெலன், மனம் கேளாமல்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கையை ஆட்டினார். “எனக்கு வாந்திதாம்மா வருது, உசுரு போகல. நீ பாக்க வேண்டியதைப் பாரு.” சொல்லிவிட்டு மறுபடி கவிழ்ந்துகொண்டார். முதலாளி என்றால் இப்படி ஒரு முதலாளி அமைவதற்கும் ஆண்டவர் மனது வைக்க வேண்டும்.

நீவாடு மெதுவாக இழுத்தது. ஜிபிஎஸ் பெட்டியில் வள்ளம் பொய்க் கோட்டை நோக்கி நகர்ந்தது. கோட்டைத் தொட்டது. கோட்டைத் தாண்டியது. போன் அமைதியாக இருந்தது.

ஹெலன் போனைக் கையில் எடுத்துப் பார்த்தாள். திரை எரிந்தது. சார்ஜ் இருந்தது. மணிதான் இல்லை. படகு இன்னும் தள்ளிப் போயிற்று. ஒரு சத்தமும் இல்லை. அலை பலகையில் தட்டுகிற சத்தம் மட்டும்.

“உன் மணி தூங்கிருச்சு புள்ள” என்றான் கிளாட்சன். கேலியாகத்தான் ஆரம்பித்தான். சொல்லி முடிக்கும்போது அவன் குரலில் கேலி இல்லை. பிடிபட்ட அன்றைக்கு அவனும் இப்படித்தான், இதே மாதிரி வலையை விட்டுவிட்டுத்தான் கிடந்தான். வலையைத் தூக்கினார்கள். விழுந்திருந்த சொற்ப மீனைக் கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

மறுநாள் அலுவலகத்தில் ஹெலன் பழைய ஃபோல்டரைத் திறந்தாள். எல்லையை நெருங்குவதைக் கவனிக்கும் வேலையைச் செய்வது ஒரே ஒரு லைப்ரரிதான். நார்வே நாட்டில் ஆர்னே என்கிற ஒருவர், பனிமலையில் நடக்கிறவர்கள் பாதை தவறினால் எச்சரிப்பதற்காக எழுதியது. பழைய ஃபோல்டரில் கிடந்த கோப்பையும், புது முறை பொதுக் கிடங்கிலிருந்து எடுத்துவந்த கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒரே பெயர். ஒரே பதிப்பு எண். அளவு மட்டும் கொஞ்சம் வேறாக இருந்தது.

பெயரும் எண்ணும் ஒத்துப்போனதால் அதுவரை அளவை ஒப்பிட்டுப் பார்க்க அவளுக்குத் தோன்றவேயில்லை.

இரண்டையும் பிரித்துப் பார்த்தாள். கிடங்கில் இருந்ததில் ஒரு விதி இருந்தது: சிக்னல் இல்லாமல், மிக மெதுவாக நகர்ந்தாலோ நகராமல் இருந்தாலோ, நடப்பவர் மலைக்குடிலில் தங்கி ஓய்வெடுக்கிறார் என்று வைத்துக்கொண்டு, பேட்டரியை மிச்சப்படுத்த லைப்ரரி தூங்கிவிடும். மலையில் நடப்பவருக்கு அது நல்லது. வலையை விட்டுவிட்டு நீவாட்டில் கிடக்கிற வள்ளத்துக்கோ ஆபத்து வருகிற நேரமே அதுதான். பழைய ஃபோல்டரில் கிடந்த கோப்பில் அந்த விதியை யாரோ கவனமாக நீக்கி, மெதுவாக நகரும்போது இன்னும் அடிக்கடி விழித்துப் பார்க்கும்படி மாற்றியிருந்தார்கள். படகுக்காரனின் தூக்கத்தை நினைத்துப் பார்த்த ஒருவர் எழுதியது என்பது படித்த உடனே தெரிந்தது.

இந்த வேலையில் அவளுக்கு முன்பு இருந்தவன் கீழக்கரை ஸுஹைர். இப்போது துபாயில் இருக்கிறான். ஹெலன் கூப்பிட்டாள்.

“அக்கா! நல்லா இருக்கியளா? எல்லைமணி நல்லா இருக்கா?”

“நல்லா தூங்குது. ஏன்டா, மாத்துன லைப்ரரியை அதே பேர்ல, அதே நம்பர்லயா போட்டு வைப்ப?”

“யா அல்லாஹ், அதுவா!” என்று சிரிப்பும் பதற்றமுமாக வந்தது. “பேரை மாத்துனா பழைய ஏற்பாட்டுல ஊர்ப்பட்ட எடத்துல மாத்தணும்க்கா. மறுநா படகெல்லாம் கெளம்புது. அப்படியே தூக்கிப் போட்டுட்டேன். அப்புறம் விசா வந்துருச்சு.”

“நல்லா போட்ட போ. ஆனா வேலை சுத்தமான வேலைடா. படிச்சுப் பாத்துட்டு அசந்து போயிட்டேன்.”

“என் வேலை இல்லக்கா அது. எனக்கு ஏது அம்புட்டு அறிவு? அந்த ஆர்னே இருக்காரே, அவருக்கு எழுதிக் கேட்டேன். எங்க ஊருப் படகு இப்படிக் கெடக்கும், மணி அடிக்கலேன்னா ஆளை ஜெயில்ல போட்டுருவாங்கன்னு. அன்னைக்குன்னு பாத்து அவுகளுக்குக் கிறிஸ்துமஸாம். எனக்கு அது தோணவே இல்ல. விருந்துல இருந்து எந்திரிச்சுப் போயி, பொழுது சாயறதுக்குள்ள மாத்தி அனுப்பிட்டாரு மனுசன்.”

“நாம அவருக்கு என்னடா குடுத்தோம்?”

“என்ன வேணும்னு கேட்டேங்க்கா. கடலை ஒரு போட்டோ எடுத்து அனுப்புன்னாரு. அனுப்புனேன். அம்புட்டுத்தான்.”

ஹெலன் போனை வைத்தாள். கிறிஸ்துமஸ் விருந்திலிருந்து எழுந்து போவது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள், எப்படிக் கோபித்திருப்பார்கள் என்றெல்லாம் நினைத்துப் பார்த்தாள். அந்த மனிதர் ராமேஸ்வரத்தை வரைபடத்தில் தேடித்தான் கண்டுபிடித்திருப்பார். அவர் எழுந்து போனதால் இந்தக் கரையில் எத்தனை வீடுகளில் ஆண்கள் ஒழுங்காக வீடு திரும்பினார்கள் என்பது அவருக்குத் தெரியாது. திரும்பியவர்களுக்கும் அவரைத் தெரியாது.

ஆர்னே அந்த மாற்றத்தின் மூல வரிகளை அழித்துவிடாமல் தம் இணையப் பக்கத்திலேயே ஓர் ஓரமாக வைத்திருந்தார். ஹெலன் அதை எடுத்துத் தானே கட்டினாள். இந்த முறை அதற்குத் தனிப் பெயர் வைத்தாள். பதிப்பு எண்ணோடு ‘கடல்’ என்றும் சேர்த்தாள். கம்பெனிக்கென்று ஒரு சின்னக் கிடங்கு ஏற்படுத்தி அதில் வைத்தாள். ஒவ்வொரு லைப்ரரிக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட முத்திரையையும் கூடவே எழுதினாள். இனிமேல் அதே பெயரில் வேறொன்று வந்தால், முத்திரை ஒத்துப்போகாமல் கட்டும் வேலையே நின்றுவிடும். இந்த லைப்ரரி ஏன் வேறாக இருக்கிறது, யார் எழுதியது என்பதையும் மேலேயே விளக்கமாகப் போட்டாள். நாளைக்குத் தன் நாற்காலியில் உட்காரப்போகிறவர் தன்னைப் போல நடுக்கடலில் திகைத்து நிற்கக் கூடாது. மற்ற லைப்ரரிகளையும் விடாமல் ஒவ்வொன்றாகப் பழைய கோப்போடு ஒப்பிட்டாள். அவையெல்லாம் ஒத்துப்போயின.

இரண்டாம் வெள்ளோட்டத்துக்கும் பாண்டித்துரை வந்தார். சட்டைப்பையில் எலுமிச்சம்பழமும் வாந்தி மாத்திரையும் இருந்தன. எஞ்சின் நின்றது. வலை இறங்கியது. நீவாடு இழுத்தது. கிளாட்சன் வேண்டுமென்றே படகில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

மணி அடித்தது. கிளாட்சன் துள்ளி எழுந்தான். பொய்யாகப் படுத்தவன் நிஜமாகவே தூங்கியிருந்தான் என்பது அவன் விழித்த விதத்தில் தெரிந்தது. சுற்றிலும் பார்த்தான், தண்ணீரைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான். சிலுவை போட்டுக்கொண்டு, “ஏ புள்ள, நெசமாவே எழுப்பிருச்சு” என்றான். கண் கலங்கியதை மறைக்க உடனே வலையைத் தூக்கக் குனிந்துவிட்டான்.

“எனக்கு இன்னைக்கு வாந்தியே வரலப்பா” என்றார் பாண்டித்துரை, எலுமிச்சம்பழத்தை மூக்கருகில் பிடித்தபடி.

“இன்னும் கரைக்குப் போகல மொதலாளி, அவசரப்படாதீக.”

புது எல்லைமணி வெளியானது. யாகப்பம்மாள் மகனின் புதுப் போனை வாங்கி, மணியை ஒரு முறை அடிக்கவிட்டுக் கேட்டுவிட்டு, பாலித்தீன் பையில் சுற்றித் தன் கையாலேயே கொடுத்தாள். கிளாட்சன் கடலுக்குப் போனான், திரும்பி வந்தான், மறுபடி போனான். பாண்டித்துரை அலுவலகத்தில் எல்லாருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்து, ஹெலனைப் பற்றி ஒரு சின்னப் பேச்சுப் பேசினார். அவளுக்கு அதைக் கேட்கக் கூச்சமாக இருந்தது. நன்றி போய்ச் சேர வேண்டிய விலாசம் வேறு என்று தோன்றியது.

ஆர்னேவுக்கு அவள் நன்றி எழுதினாள். பதில் வரவில்லை. அவருடைய பக்கத்தில் வெகு நாளைக்கு முன்பு அவர் எழுதிவைத்த வரிகள்தான் இருந்தன: வீட்டில் ஒருவருக்கு உடல்நலமில்லை, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல முடியவில்லை, மன்னிக்கவும். அந்த வரிகளுக்குக் கீழே யார் யாரோ கேட்ட கேள்விகள் பதிலில்லாமல் காத்துக்கிடந்தன. அவற்றில் ஒன்றை எழுதியவர் ஏதோ ஒரு மலைநாட்டுப் பெண். அவள் தகப்பனார் மலையேறுபவர்களுக்கு வழிகாட்டிப் போகிறவர். கடுங்குளிரில் போன் அணைந்து, மறுபடி உயிர் வரும்போது, லைப்ரரி பாதையை மறந்துவிடுகிறது. அப்பா தனியாகத் திரும்பும்போது பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாள். தேதியைப் பார்த்தால் ஒரு குளிர்காலம் முழுக்கக் கடந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாப்பாடும் முடிந்து, வீட்டில் எல்லாரும் படுத்துவிட்ட மதிய நேரம். ஹெலன் அடுக்களையில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தாள். அந்த மலைநாட்டுப் பெண் கேட்ட திருத்தத்தால் எல்லைமணிக்கு ஒரு பயனும் இல்லை. அணையும் முன் பாதையைச் சேமித்துவைத்து, போன் உயிர் பெற்றதும் தானாகவே திரும்ப எடுத்துக்கொள்ளும்படி வரிகளை எழுதினாள். எழுதியது சரியா என்று பார்க்க வேண்டும். அவள் பனியைக் கண்ணால் பார்த்ததில்லை. கொஞ்சம் யோசித்து, பழைய போன் ஒன்றில் அதை ஏற்றி, மாதிரிக்கு ஒரு மலைப்பாதையையும் போட்டு, பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்து, ஃபிரிட்ஜின் உறைபனித் தட்டில் சூடை மீன் பொட்டலங்களுக்கு நடுவில் வைத்து மூடினாள்.

காத்திருந்து, எடுத்துப் பார்த்தாள். போன் அணைந்திருந்தது. சேலைத் தலைப்பால் ஈரத்தைத் துடைத்து, உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி, உயிர் கொடுத்தாள். திரை வெளிச்சம் வந்தது. மலையின் பாதை ஒரு நீலக் கோடாக, விட்ட இடத்தில் அப்படியே நின்றது.

திருத்திய வரிகளை அந்தப் பெண்ணின் கேள்விக்குக் கீழே போட்டாள். பெயர் கேட்ட இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. ‘உங்கள் அப்பா பத்திரமாக வரட்டும்’ என்று மட்டும் சேர்த்து அனுப்பினாள். பிறகு லேப்டாப்பை மூடி, கலைந்திருந்த மீன் பொட்டலங்களைப் பழையபடி அடுக்கிவைத்தாள்.